பூசணமும் நீல ஒளியும்

ஒளியைத் தேடி வளர்வது செடியின் சுபாவம், இருளில் ஒதுங்கிக் கிடப்பது காளானின் சுபாவம் என்று நாம் சிறு பிராயத்திலிருந்தே கேட்டுப் பழகியிருக்கிறோம். பச்சையம் இல்லாதது, தன் உணவைத் தானே தயாரித்துக்கொள்ள இயலாதது, மக்கியதையும் அழுகியதையும் உண்டு ஜீவிப்பது, ஆகவே சூரியனோடு அதற்கு யாதொரு சம்பந்தமும் இல்லை என்று பள்ளிக்கூடத்துப் பாடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறது. மாணவனும் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறான். முன்னே சொன்ன மூன்றும் உண்மையே; அவற்றின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த 'ஆகவே' மட்டும்தான் தவறு. ரொட்டியில் பூக்கும் பூசணமும், வைக்கோலில் முளைக்கும் காளானும், மண்ணுக்குள் பயிரின் வேரைப் பற்றும் நுண்ணிழைகளும் வெளிச்சத்தை அறிகின்றன. அதிலும் வானவில்லின் நிறங்களுக்குள் நீலத்தை விசேஷமாக அறிகின்றன. அறிந்ததோடு நில்லாமல், அந்த அறிவை அனுசரித்துத் தங்கள் வளர்ச்சியையும் நிறத்தையும் இனப்பெருக்கத்தையும் மாற்றிக்கொள்கின்றன. விஞ்ஞான உலகில் இது புதிய செய்தி அல்ல. அங்கே பழைய செய்தியாகிவிட்ட ஒன்று இன்னும் நம்முடைய வகுப்பறைக்கும் பல காளான் குடில்களுக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் என் குறை.

ஒளி என்றால் உணவு என்று மட்டுமே எண்ணுவதால் இந்தக் குழப்பம் நேர்கிறது. செடிக்கு ஒளி ஆகாரம். பூசணத்துக்கு அது தகவல். பூசணத்தின் மெய்யான உடல் நாம் காணும் குடையும் அல்ல, தூளும் அல்ல. மண்ணிலும் மரத்திலும் சாணத்திலும் ஊடுருவிச் செல்கின்ற, மயிரினும் மெல்லிய இழைகளின் வலையே அதன் உடல். மண்ணின் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே பகலொளி பெரும்பாலும் அடங்கிப்போவதால், அந்த வலை உழைக்கும் இடத்தில் இருள்தான் குடிகொண்டிருக்கிறது. ஆகையால் ஓர் இழையின்மீது வெளிச்சம் பட்டது என்றால், ஆகாரத்தின் எல்லையைத் தாண்டிக் காற்று வீசும் வெளிக்கு வந்தாயிற்று என்பதற்கு அதைக் காட்டிலும் நிச்சயமான அடையாளம் அந்த ஜீவனுக்கு வேறில்லை. வெளியில் அனுகூலமும் உண்டு, அபாயமும் உண்டு: வித்துக்களைக் காற்றில் தூவி வம்சத்தைப் பரப்பலாம், அதே வேளையில் வெயிலின் புற ஊதாக் கிரணங்கள் உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கவும் கூடும், ஈரம் வற்றி உடல் உலர்ந்துபோகவும் கூடும். வெளிச்சம் கண்ட பூசணம் ஒருபுறம் வித்துக்களை உண்டாக்கத் தொடங்குவதும், மறுபுறம் காப்பு நிறமிகளையும் சிதைந்த மரபுப் பொருளைச் செப்பனிடும் நொதிகளையும் அவசரமாகத் தயாரித்துக்கொள்வதும் இந்த இரண்டு நிலைமைகளுக்கும் ஏற்ற நடவடிக்கைகளே.

எல்லா நிறங்களையும் விட்டு நீலத்தில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். பாலைத் திரைத்து வடித்த தெளிநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இளம்பச்சை கலந்த மஞ்சள் சாயல் ஒன்று தெரியும். அது ரைபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமினின் நிறம். நீலக் கிரணங்களைத் தன்னுள் வாங்கிக்கொண்டுவிடுவதனாலேயே அந்தப் பொருள் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தோன்றுகிறது. இதே வைட்டமினிலிருந்து உயிரணு தயாரித்துக்கொள்ளும் ஃபிளேவின் மூலக்கூறு ஒன்று, பூசணத்தின் ஒளியுணர் புரதத்தினுடைய மடிப்புக்குள் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி அதன்மீது படும்போது, அது தன்னருகே இருக்கும் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தோடு ஒரு பிணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. அந்த ஒற்றைப் பிணைப்பால் புரதத்தின் வடிவம் சற்றே மாறுகிறது. வடிவம் மாறிய புரதங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, அதுவரை உறங்கிக் கிடந்த மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. ஒளி நீங்கினால் காலக்கிரமத்தில் பிணைப்பு தானாக அவிழ்ந்து புரதம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஜன்னலோரத்துத் தொட்டிச் செடி வெளிச்சத்தை நோக்கிச் சாய்வதற்குக் காரணமான புரதத்திலும் இதே அமைப்பு இருக்கிறது என்பதைப் பார்க்கும்போது, செடிக்கும் காளானுக்கும் நடுவே பாடப் புத்தகம் எழுப்பிய மதில் அவ்வளவு உயரமானதாகத் தோன்றவில்லை.

பூசணத்தின் இந்த நுட்பம் எவ்வளவு தூரம் போகும் என்று அறிய விரும்புவோர் பைகோமைசிஸ் என்னும் பூசணத்தைக் கவனிக்கவேண்டும். அதன் வித்துக்காம்பு முழுவதும் ஒரே உயிரணு. பருமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆயினும் 10 சென்டிமீட்டருக்கும் மேலாக நிமிர்ந்து வளரக்கூடியது. உச்சியில் கடுகினும் சிறிய ஓர் உருண்டை. அதற்குச் சற்றுக் கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள பகுதி மாத்திரம் ஓயாமல் நீண்டு, மணிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வீதம் காம்பை உயர்த்திக்கொண்டே போகிறது. ஒரு பக்கத்திலிருந்து நீல ஒளியைக் காட்டினால் சில நிமிஷங்களுக்குள் காம்பு அந்தப் பக்கமாகச் சாயத் தொடங்கும். நமக்கு இருட்டென்றே தோன்றும் மங்கலிலும் சாயும், பட்டப்பகலின் பிரகாசத்திலும் சாயும். அது உணரும் மிகக் குறைந்த ஒளிக்கும் மிக மிகுந்த ஒளிக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் ஆயிரம் கோடி மடங்கு. நரம்பு இல்லை, விழி இல்லை, மூளை இல்லை. ஆனாலும் வீச்சில் மனிதக் கண்ணுக்கு ஈடு சொல்லத்தக்க ஓர் உணர்வு அந்த ஒற்றை உயிரணுவுக்குள் இருக்கிறது. போதாக்குறைக்கு, அருகில் ஒரு தடுப்பை வைத்தால் அதைத் தொடாமலே, இருட்டிலும்கூட, விலகி வளைகிறது.

காம்பு ஏன் ஒளியின் பக்கமாக வளைகிறது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை, அழகான பௌதிகம். கண்ணாடி போல் தெளிந்த அந்த உருளைக்குள் நுழையும் ஒளி, லென்ஸில் நுழைந்தது போலக் குவிந்து, எதிர்ப்பக்கத்துச் சுவரில் செறிவாக விழுகிறது. ஒளி செறிந்த பக்கம் வேகமாக வளர்கிறது. பின்புறம் நீள, முன்புறம் பின்தங்க, காம்பு ஒளி வந்த திசைக்கே சாய்ந்துவிடுகிறது. இந்த விளக்கம் மெய்யானால், ஒளியைக் குவியவிடாமல் செய்தால் காம்பு எதிர்த்திசையில் வளையவேண்டும் அல்லவா? 1918-ஆம் வருஷத்தில் புடர் என்னும் ஜெர்மானியத் தாவரவியலாளர், காம்பைக் காற்றில் நிற்கவிடாமல் திரவப் பாரஃபினில் மூழ்கவைத்துச் சோதித்துப் பார்த்தார். பாரஃபின் அந்தக் காம்பைக் காட்டிலும் அதிகமாக ஒளியை முறிக்கும் திரவம். ஆகையால் குவியவேண்டிய ஒளி விரிந்தது. காம்பு ஒளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வளைந்தது. விலையுயர்ந்த யந்திரம் எதுவும் இல்லாமல், ஒரு கிண்ணம் எண்ணெயைக் கொண்டு ஒரு கொள்கையை நிலைநாட்டிய இந்தச் சோதனையை, விஞ்ஞானம் என்றால் கோடிக்கணக்கில் பணம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம்.

இந்தப் பூசணத்துக்குத் தம் ஆயுளின் பிற்பகுதியையே ஒப்புக்கொடுத்தவர் மாக்ஸ் டெல்புரூக். பௌதிக மாணவராகத் தொடங்கிய அவரை உயிரியலின் பக்கம் திருப்பியது, ஒளியையும் உயிரையும் குறித்து 1932-இல் கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் ஆற்றிய பிரசங்கம். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்து நவீன மரபியலுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் அவர் ஒருவர். அந்தப் பணிக்காக 1969-இல் சால்வடோர் லூரியா, ஆல்ஃபிரட் ஹெர்ஷி ஆகியோருடன் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் பரிசு வருவதற்கு வெகு காலம் முன்பே, 1950-களில், எல்லோரும் கூட்டமாக நுழைந்துகொண்டிருந்த அந்தத் துறையை விட்டு விலகி, கலிபோர்னியாவில் தம் ஆய்வுக்கூடத்தில் பைகோமைசிஸை வளர்க்கத் தொடங்கிவிட்டார். ஓர் உயிர் புறவுலகத்தை உணர்ந்து அதற்கு இணங்க நடப்பது எப்படி என்பதை, சாத்தியமான வரையில் மிக எளிய உதாரணத்தில் காணவேண்டும் என்பது அவருடைய உத்தேசம். ஒளிக்கு ஒழுங்காக வளையாத பூசண வகைகளை அவருடைய குழுவினர் உண்டாக்கிப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் எந்த மரபணு பழுதாயிற்று என்பதை மட்டும் அக்காலத்துக் கருவிகளால் கண்டறிய முடியவில்லை. 1981-இல் டெல்புரூக் காலமானார். பழுதான மரபணுக்களில் முக்கியமான ஒன்று இன்னதென்று தெரியவந்தது 2006-இல். அது அவர் வளர்த்த பூசணத்தின் வழியாக வெளிப்படவில்லை, வேறொரு பூசணத்தின் ஆராய்ச்சி கொடுத்த துப்பைப் பற்றிக்கொண்டு வெளிப்பட்டது.

அந்த வேறொரு பூசணம் நமக்கு அந்நியமானது அல்ல. சோகைக்குத் தீ வைத்த கரும்பு வயலில், சில நாட்கள் கழித்துக் கரிந்த கட்டைகளை உற்றுப் பார்த்தால், ஆரஞ்சு நிறத்தில் மாவு தூவியது போன்ற ஒரு படிவைக் காணலாம். நியூரோஸ்போரா என்பது அதன் பெயர். மண்ணில் உறங்கிக் கிடக்கும் அதன் வித்துக்கள் நெருப்பின் சூட்டினால் விழித்துக்கொள்கின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ரமேஷ் மகேஷ்வரி, ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாய்களோடு திருப்தியடையாமல், கரும்பு வயலிலேயே இதன் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்து எழுதியவர். 1840-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து ரொட்டிகளை இந்தப் பூசணம் பெருவாரியாகக் கெடுத்தபோது அதை விசாரித்த பிரெஞ்சுக்காரர்கள், இதன் நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் தொடர்பு உண்டென்பதை அப்போதே கவனித்திருக்கிறார்கள். நூறு வருஷங்கள் கழித்து, 1941-இல், பீடில், டேட்டம் என்னும் இரு விஞ்ஞானிகள் இதே பூசணத்தைக் கொண்டுதான் மரபணு ஒவ்வொன்றும் ஒரு நொதிக்குப் பொறுப்பு என்ற கருத்தை நிறுவினார்கள்.

இருட்டில் வளர்ந்த நியூரோஸ்போராவின் இழைகள் வெள்ளை. நீல ஒளி பட்டால் கரோட்டின் வகை நிறமிகள் ஊறி அவை ஆரஞ்சு நிறம் கொள்ளும். ஒளியில் வைத்தும் இழைகள் வெளுத்தே இருக்க, மேலே உள்ள வித்துத்தூள் மட்டும் நிறம் பெற்ற சில வகைகள் ஆய்வுக்கூடங்களில் அகப்பட்டன. வெள்ளைக் கழுத்துப்பட்டி என்று அவற்றுக்கு ஆராய்ச்சியாளர்கள் வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். இந்தக் குறைக்குக் காரணமான இரண்டு மரபணுக்களை ரோமாபுரியில் மாச்சினோ என்னும் விஞ்ஞானியின் குழுவினர் 1996-லும் 1997-லும் பிரித்தெடுத்தார்கள். அவற்றுள் முதலாவது தரும் புரதமே ஃபிளேவினைத் தாங்கி நிற்கும் ஒளியுணர்வி என்பதை 2002-இல் அமெரிக்காவின் இரண்டு குழுக்கள் தனித்தனியே நிரூபித்தன. வெளிச்சத்தை உணர்வதும் அதுவே. உணர்ந்ததை மரபணுக்களுக்கு எடுத்துச் சென்று ஆணையிடுவதும் அதுவே. நம் கண் ஒளியை உணர்ந்து மூளைக்குச் சொல்லி, மூளை தசைக்குச் சொல்லி நடத்தும் பெரிய நிர்வாகத்தை, பூசணம் இடைத்தரகர் எவருமின்றி நடத்திவிடுகிறது. அதன்பின் தேடத் தேட, காளான் வகையிலும் பூசண வகையிலும் பெரும்பாலானவற்றில் இதன் உறவுப் புரதங்கள் தென்பட்டன. ரொட்டியையும் மதுவையும் புளிக்கவைக்கும் ஈஸ்ட் இதற்கு விலக்கு. அது இந்தப் புரதத்தை வைத்துக்கொள்ளவில்லை. வேறு சில பூசணங்கள் சிவப்பு ஒளியையும் உணர்கின்றன. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரையாகிவிடும்.

நியூரோஸ்போராவுக்கு நாழிகை தெரியும் என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றில் முழு இருளில் அதை வளரவிட்டால், சுமார் 22 மணி நேரத்துக்கு ஒருமுறை வித்துப் பட்டை ஒன்றை இட்டுக்கொண்டே போகிறது. அந்த உட்கடிகாரத்தை நடத்துவதிலும் மேற்சொன்ன இரண்டு மரபணுக்களின் புரதங்களுக்கே பிரதான பங்கு. வெளிச்சம் படும்போதெல்லாம் கடிகாரம் உலக நேரத்துக்குத் திருத்தப்படுகிறது. இதில் இன்னொரு சூக்ஷ்மமும் உண்டு. கர்ப்பக்கிருகத்து இருளிலிருந்து வெயிலடிக்கும் பிராகாரத்துக்கு வந்தவனுக்கு முதலில் கண் கூசி, பிறகு பழகிவிடுவது போல, பூசணமும் ஒளிக்குப் பழகிக்கொள்கிறது. ஒளி பட்டதும் பிறக்கும் மரபணு ஆணைகளில் ஒன்று, விவிட் என்னும் சிறு புரதத்தை உண்டாக்கச் சொல்லும் ஆணை. அந்தச் சிறு புரதம் தன்னைப் பிறப்பித்த ஒளியுணர்வியோடே பிணைந்து அதன் வேகத்தை அடக்குகிறது. இந்த ஏற்பாடு இருப்பதனாலேயே, பகல் முழுவதும் வெயிலில் நின்ற பூசணம் இரவில் நிலா வெளிச்சத்தைப் பார்த்து விடிந்துவிட்டதென்று ஏமாந்துபோவதில்லை.

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களை நான் கோபித்துக்கொள்வதில்லை; வரிப்பணம் கொடுக்கும் ஜனங்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கப் பூரண உரிமை உண்டு. முதலில் காளான் குடிலுக்குள் போவோம். வைக்கோலைப் பதப்படுத்தி, பாலிதீன் பையில் அடுக்கடுக்காக வைத்து, இடையிடையே வித்திட்டுத் தொங்கவிட்ட சிப்பிக் காளான் படுக்கையில், இழைகள் பரவி வெண்மை பூக்கும் வரையில் இருட்டு கெடுதல் செய்வதில்லை. அதன்பிறகும் அந்தப் படுக்கையை இருட்டிலேயே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை, இருட்டறைதான் காளானுக்கு ஏற்றது என்று நம்பி மூங்கில் தட்டியின் சந்துகளையெல்லாம் கோணியால் அடைத்துவிட்டவர்களுடைய குடில்களில் பார்க்கலாம்: காம்பு மட்டும் நெட்டையாக நீண்டு, குடை விரியாமல் பொத்தான் அளவில் நின்றுவிட்ட, சந்தையில் விலைபோகாத காளான்கள். காற்றோட்டம் குறைந்து கரியமில வாயு தேங்கினாலும் இதே கோலம் உண்டாகும் என்பதால், பழி முழுவதையும் இருளின் தலையில் சுமத்துவது நியாயமில்லை. ஆனால் வெளிச்சத்தின் பங்கு ஐயத்துக்கு இடமற்றது. சாணத்தில் முளைக்கும் மைத்தொப்பிக் காளான் வகை ஒன்றில், ஒளியுணர்வி மரபணுவைப் பழுதாக்கிய ஜப்பானிய ஆய்வாளர்கள், பளிச்சென்ற வெளிச்சத்திலும் அது இருட்டில் வளர்ந்தது போலவே காம்பு நீண்டு குடை சிறுத்து வளர்வதை 2005-இல் எடுத்துக்காட்டினார்கள். குருடாக்கப்பட்ட காளானுக்குப் பகலும் இரவாகிவிட்டது.

இருட்டறை நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல. மேல்நாட்டாரின் மொட்டுக் காளான் வெளிச்சமின்றியே காய்க்கும் ஜாதி. பாரிஸ் நகரத்தைச் சுற்றியுள்ள கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழிகளின் சுரங்கங்களில்தான் அதைப் பெருவாரியாகப் பயிரிட்டார்கள். அந்த ஒரு ஜாதியின் குணத்தைக் காளான் குலம் முழுவதற்கும் பொதுவாக்கிவிட்டோம். நம் சமவெளியின் உஷ்ணத்துக்கு ஏற்ற சிப்பிக் காளானுக்கும் பால் காளானுக்கும் அது பொருந்தாது. வித்து பரவுவதற்கு இருட்டறை, காய்ப்பதற்கு வெளிச்சமும் காற்றும் உள்ள வேறோர் அறை என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிவருவது வெறும் சம்பிரதாயம் அல்ல. பால் காளானுக்காகப் பாதி நிலத்துக்குள் இறக்கிக் கட்டும் குடிலின்மேல் நீல நிறத் தார்ப்பாயை விரிக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. உள்ளே சூட்டையும் ஈரத்தையும் காப்பதே அதன் முதற்பயன் என்றாலும், அந்தப் பாயின் வழியே இறங்கும் நீல வெளிச்சத்தில் வெண்ணிறக் காளான்கள் வரிசையாக நிற்பதைக் காணும்போது, அனுபவம் விஞ்ஞானத்துக்கு முன்னால் நடந்துபோயிருக்கிறதோ என்று எனக்குத் தோன்றும். நீலப் பாயினால் மகசூல் கூடுகிறதா, கூடுமானால் எவ்வளவு என்று, சூட்டையும் ஈரத்தையும் ஒரே அளவில் நிறுத்திவைத்து, நிறத்தை மட்டும் மாற்றிச் சோதித்துப் பார்ப்பது எந்த வேளாண்மைக் கல்லூரி மாணவனாலும் செய்யக்கூடிய காரியம்.

பயிர் நோய் விஷயத்திலும் இதற்கு இடமுண்டு. வேரழுகல், வாடல் நோய்களைத் தடுக்க ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் நம் விவசாயிகள் கலந்து விதைக்கிறார்களே, அந்த டிரைக்கோடெர்மா விரிடியும் நீல ஒளிக்குக் கட்டுப்பட்ட பூசணமே. இருட்டில் தட்டில் பரவிக்கொண்டிருக்கும் அதன்மீது சிறிது நேரம் மட்டும் நீல ஒளியைக் காட்டிவிட்டு மறுபடி இருட்டில் வைத்தால், ஒளி பட்ட சமயத்தில் எந்த விளிம்புவரை அது பரவியிருந்ததோ அந்த விளிம்பில் பச்சை நிற வித்துக்கள் வட்டமாகத் தோன்றுகின்றன. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மருந்தின் சத்து வித்துக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதை நினைவில் கொண்டால் இந்த வளையத்தின் மதிப்பு விளங்கும். நோய் விளைவிக்கும் பூசணங்களிலோ கதை இன்னும் விசித்திரம். இலைக்கருகலை உண்டாக்கும் சில இனங்களுக்கு வித்திடப் புற ஊதாவை ஒட்டிய கிரணம் வேண்டும். நீல ஒளி பட்டால் அந்தத் தூண்டுதல் ரத்தாகிவிடும். விதைப் பரிசோதனை நிலையங்களில் ஈரத்தாளில் பரப்பிய விதைகளை 12 மணி நேரம் அந்தக் கிரண விளக்கின் கீழும் 12 மணி நேரம் இருட்டிலும் வைப்பது, ஒளிந்திருக்கும் பூசணத்தை இவ்விதம் வெளிப்படச் செய்யும் பொருட்டே. ஜப்பானிலும் இஸ்ரேலிலும் இதே ஞானத்தைத் தலைகீழாகப் பிரயோகித்து, புற ஊதாவைத் தடுக்கும் பாலிதீன் தாள்களால் பசுங்குடில்களை மூடி, சாம்பல் பூசண நோய் பரவுவதைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஓசூரிலும் நீலகிரியிலும் பசுங்குடிலில் பூவும் காய்கறியும் வளர்ப்போர் தாளின் விலையையும் கனத்தையும் மட்டும் விசாரிக்காமல், அது எந்தக் கிரணத்தை உள்ளே விடுகிறது என்பதையும் விசாரிக்கும் காலம் வந்துவிட்டது.

எதிர்பாராத லாபம் ஒன்றையும் சொல்லவேண்டும். நிலா வெளிச்சத்தில் பூசணம் ஏமாறாமல் காக்கும் விவிட் புரதம் இப்போது மருத்துவ ஆய்வுக்கூடங்களில் வேறு வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கிறது. 2012-இல் சீன விஞ்ஞானிகளும் 2015-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளும் அதைத் திருத்தியமைத்து, பாலூட்டிகளின் உயிரணுக்களுக்குள் புகுத்தி, நீல விளக்கைப் போட்டால் இயங்கவும் அணைத்தால் ஓயவும் கூடிய விசையாக ஆக்கினார்கள். கரிந்த கரும்புக் கட்டையில் பூத்த ஒன்றின் புரதத்துக்கு இப்படியொரு உத்தியோகம் கிடைக்கும் என்று எந்தத் திட்டக் கமிஷனும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. உடனடிப் பிரயோஜனத்தைக் காட்டினால்தான் பணம் என்று ஆராய்ச்சியைக் கழுத்தைப் பிடித்து நடத்தும் இன்றைய முறையை நான் ஒப்பாததற்கு இது ஒரு காரணம்.

சென்னைக்கு இத்துறையில் பெயர் சொல்லும் பரம்பரை ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி. எஸ். சதாசிவன் மண்வாழ் பூசணங்களையும் பருத்தி வாடல் நோயையும் ஆராய்ந்து ஒரு மாணவர் கூட்டத்தையே உருவாக்கினார், சி. வி. சுப்பிரமணியன் 1971-இல் வெளியிட்ட ஹைஃபோமைசீட்ஸ் என்னும் பெருநூல் இந்தியப் பூசணங்களை அடையாளம் காண்போருக்கு ஆதார நூலாயிற்று. இன்று மரபணுவைப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். பூசணத்தை முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் அருகிவருகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இரண்டு கல்வியும் சேர்ந்தாலன்றி, எந்தப் பூசணம் எந்த ஒளியில் என்ன செய்யும் என்ற விசாரணை நம் மண்ணின் பூசணங்களைப் பற்றியதாக இருக்காது. அயல்நாட்டார் ஆராய்ந்த நாலைந்து இனங்களின் கதையையே நாம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆர்வம் கல்லூரியில் பிறப்பதில்லை; பள்ளிக்கூடத்தில் பிறக்கவேண்டும். அதற்குச் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. பிலோபோலஸ் என்னும் பூசணம் புல் தின்னும் மிருகங்களின் சாணத்தில் வளர்வது. குதிரை லத்தியில் மிகுதி. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள அதன் காம்பின் தலையில் பளிங்கு போன்ற ஒரு நீர்க்குமிழும், குமிழின்மேல் கருநிற வித்துத்தொப்பியும் இருக்கும். குமிழ் லென்ஸாக நின்று ஒளியைத் தன் அடிப்பக்கத்தில் குவிக்க, காம்பு ஒளி வரும் திசைக்குக் குறி பார்த்துத் திரும்புகிறது. பிறகு உள்ளழுத்தம் மிஞ்சிக் குமிழ் வெடிக்கும்போது, தொப்பி 2 மீட்டர் தூரம் வரையில் எறியப்படுகிறது. சாணத்தை ஒட்டிய புல்லை மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கிவிடும்; அப்பால் உள்ள புல்லில் விழுந்தால்தான் வித்து மறுபடியும் ஒரு வயிற்றுக்குள் போய்ச் சேர வழியுண்டு; அப்பால் என்பது எந்தப் பக்கம் என்பதை ஒளிதான் சொல்லுகிறது. கால்நடைகளின் நுரையீரல் புழுவின் குட்டிகள் இந்தத் தொப்பியின்மேல் ஏறி உட்கார்ந்து ஓசியில் பிரயாணம் செய்வதும் உண்டு. இந்தக் காம்புகளை ஆண்டுக்கணக்கில் நோக்கி எழுதிய புல்லர் என்னும் கனடா நாட்டுப் பேராசிரியர், ஐன்ஸ்டீனின் சார்பியலைக் கிண்டல் செய்து ஒரு சிறு ஆங்கிலக் கவிதையும் புனைந்தவர். சாணத்தைக் கிளறுகிறவர்களுக்குக் கற்பனை இராது என்று யாரும் எண்ணவேண்டாம்.

புதிய லத்தியையோ சாணத்தையோ ஈரத்தாள் விரித்த கண்ணாடி ஜாடியில் இட்டு மூடி, ஜாடியைச் சுற்றிலும் கறுப்புத்தாள் ஒட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் காசளவு துவாரம் விடவேண்டும். ஒரு வாரத்துக்குள் பூசணம் முளைத்தால், தாளை உரித்துப் பார்க்கும் பிள்ளைகளுக்குக் கறுப்புப் பொட்டுக்கள் பெரும்பாலும் அந்தத் துவாரம் இருந்த இடத்துக் கண்ணாடியிலேயே அப்பியிருப்பது தெரியும். அடுத்த ஜாடியில் துவாரத்தின்மேல் நீலக் கண்ணாடித்தாளையும், மூன்றாவதில் சிவப்புத்தாளையும் ஒட்டிவைத்தால், எந்த நிறத்தைப் பூசணம் மதிக்கிறது என்பதை அவர்களே எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பூஞ்சைகளைப் பற்றிய பாடத்தில் ஒளி வேண்டாதவை என்ற வாக்கியத்தை நீக்கிவிட்டு, ஒளியை உணவாகக் கொள்ளாமல் தகவலாகக் கொள்பவை என்று எழுதும்படியும், இந்தச் சோதனையைச் செய்முறைப் பகுதியில் சேர்க்கும்படியும் பாடநூல் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்; அவர்கள் சேர்க்கும்வரை காத்திராமல், அறிவியல் ஆசிரியர்கள் அடுத்த மழைக்காலத்திலேயே மூன்று ஜாடிகளை எடுத்துவைக்கலாம்.